மயிலாத்தாள் மிதிக்காத இடம்

அளவு டேப்பையும் வரைதாளையும் நம்பிப் பிழைக்கிறவன் நான். அகழாய்வுக் குழியில் இறங்கி, சுவர் எங்கே, அடுப்பு எங்கே, எந்தப் பானை எத்தனை ஆழத்தில் என்று அளந்து படம் போடுவது என் வேலை. பழைய ஈமக்குழிகளின் ஓரத்தில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டவன், பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவன். அதனால் நீங்கள் இதைக் கேட்டுச் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பு. சொட்டுநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது பானை ஓடும் கண்ணாடி வளையல் துண்டும் வந்ததென்று எங்கள் குழு அங்கே போனது. அரண்மனையெல்லாம் இல்லை. கொங்குச் சோழர் காலத்தில் யாரோ ஒரு குடியானவர் குடும்பம் சமைத்து, நூல் நூற்று, படுத்து எழுந்த சின்ன வீடு. சுவரெல்லாம் கரைந்து போய், மெழுகிய மண் தரையும் இரட்டை அடுப்பும் ஒரு அம்மிக்கல்லும்தான் மிச்சம்.

மண் அள்ள வந்த உள்ளூர்ப் பெண்களில் ஒருவர் மயிலாத்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேச மாட்டார். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, காலிக் கூடையோடு குழியைக் கடந்தவர் கிழக்கு ஓரத்தில் ஓரிடத்தில் தலையைக் குனிந்துகொண்டு போனதைப் பார்த்தேன். மேலே ஒன்றுமே இல்லை, வெறும் ஆகாயம். திரும்பி வரும்போதும் அதே இடத்தில் குனிந்தார்.

"ஏனுங்கக்கா, அங்க எதுக்குங்க குனியறீங்க?"

"குனியறனுங்களா?" என்று திருப்பிக் கேட்டார். அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் அந்த இடத்தில் வாசற்படிக் கல் வெளிப்பட்டது, இரண்டு பக்கமும் கதவு நிலை ஊன்றிய குழிகளோடு. தற்செயல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதையும் வரைந்து வைத்தேன்.

அடுப்புக்கு இடது பக்கம் ஒரு முழ அகலத்துக்குத் தரை லேசாக உள்வாங்கியிருந்தது. நாங்களெல்லாம் அதை மிதித்துத்தான் நடந்தோம், மயிலாத்தாள் மட்டும் சுற்றிக்கொண்டு போவார். எங்கள் குழுத் தலைவர் பொறுமை இல்லாத மனிதர். அந்த இடத்தைத் தோண்டும்படி மயிலாத்தாளிடமே சொன்னார். அவர் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னால ஆகாதுங்க. அங்க புள்ள தூங்குதுங்க."

எல்லோரும் சிரித்தோம். தலைவர் சிரிக்கவில்லை. "வேலை செய்ய இஷ்டம் இல்லேன்னா நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார், மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். அந்த அம்மாள் அசையாமல் நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. நானே தோண்டி அங்கே ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டால் அவருக்கு வேலையாவது மிஞ்சும் என்று கொத்துக்கரண்டியோடு மண்டியிட்டேன்.

உச்சி வெயில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்தப் பக்கத்தில் ஓயவே ஓயாது, ஆனால் அப்போது ஒரு ஓலைகூட அசையவில்லை. மண் மாவு போல வந்தது. இரண்டு விரல் ஆழத்தில் ஒரு பானையின் விளிம்பு, அதன்மேல் கவிழ்த்து மூடிய சட்டி.

அப்புறம்தான் சுரண்டும் சத்தம் நின்றுபோயிருப்பதைக் கவனித்தேன். கரண்டி பக்கத்தில் கிடந்தது. என் வலது கை, உள்ளங்கையைக் குவித்து, அந்தச் சட்டியின்மேல் தட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஒரே சீராக. நான் தட்டத் தொடங்கவே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் கடைசிப் பிள்ளை, ஒரு குழந்தையைத் தூங்க வைத்துப் பழக்கமே கிடையாது. பயந்துபோய்க் கையை இறுக்கி நிறுத்தினேன். நிறுத்தியதும் உள்ளங்கைக்குக் கீழே ஒரு சின்னத் துடிப்பு. தூக்கத்தில் பிள்ளைகள் திடுக்கிடுமே, அந்த மாதிரி.

"நிறுத்திப்போடாதீங்க சார்," குழிக்கு மேலே இருந்து மயிலாத்தாள் தணிந்த குரலில் சொன்னார். "முழிச்சுக்கும்."

நம்பினால் நம்புங்கள், நான் மறுபடி தட்டினேன். எத்தனை நேரம் என்று தெரியாது. எழுந்து ஓடவும் தைரியமில்லை. சாப்பிட்டுத் திரும்பிய தலைவர் மேலே நின்று என் பெயரைக் கத்தினார். அதற்கப்புறம்தான் கை என் கையானது.

சாயங்காலம் பானையை எடுத்துத் திறந்தோம். பறவை எலும்பு போலச் சின்னச் சின்ன எலும்புகள். பிறந்து சில நாள்தான் இருந்திருக்கும். இறந்த சிசுவைப் பிரிய மனசில்லாமல் வீட்டுத் தரைக்குள்ளேயே வைத்துக்கொள்வதுண்டு என்று தலைவர் விளக்கினார். மயிலாத்தாளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்கவே இல்லை. நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்று மட்டும் என்னிடம் சொன்னார். ஆனால் மயிலாத்தாள் அதற்கப்புறம் வரவில்லை.

குழியை மூடி, தோட்டத்துக்காரர் மேலே கன்றும் நட்டுவிட்டார். பல மாதம் கழித்து, கணபதிப் பகுதி பஸ் ஸ்டாப்பில் மயிலாத்தாளைப் பார்த்தேன். அங்கே பட்டறையில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க வந்திருந்தார். நெடுநாள் மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"உங்களுக்குக் குழந்தை ஏதாச்சும் தவறிப்போச்சுங்களாக்கா?"

"அதெல்லாம் இல்லீங்க. ஒரே பையன், நல்லா இருக்கறானுங்க." பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தார். "அந்தப் பானை இப்ப எங்கீங்க இருக்குது?"

"ஆபீஸ் அலமாரியில பத்திரமா வெச்சிருக்குதுங்கக்கா."

"தனியாவா?"

"ஆமாங்க."

அவருடைய பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தவர் திரும்பினார். "அப்ப இன்னொரு புள்ளய எடுக்கலீங்களா?"

பஸ் கிளம்பிவிட்டது. ஆபீஸுக்குப் போய் என் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அடுப்புக்கு வலது பக்கத்தில் நாங்கள் தோண்டாமல் விட்ட கட்டம் ஒன்று, ஒரு கோடுகூட இல்லாமல், வெள்ளையாக இருக்கிறது.