புடலங்காய்க்குக் கட்டிய கல்

"மேடம், நீங்க பில்லி சூனியம் ஏதாவது வைக்கறீங்களா?"

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ஹவுசிங் சொசைட்டி செக்ரட்டரி என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு இப்படிக் கேட்டார். 'ஜாதூ டோனா' என்று இந்தியில்தான் கேட்டார். நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

கையில் காபி டம்ளரோடு நின்றேன். காலிங் பெல்லை அடித்து ஒரு மனிதர் என்னிடம் ஏதோ கேட்கிறார் என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. என்ன கேட்கிறார் என்பது அதற்கப்புறம்தான் காதில் ஏறியது.

அவர் பெயர் சாவந்த். கொங்கண்காரர். தண்ணீர் டேங்க், லீக்கேஜ், பார்க்கிங் சண்டை... இந்த மூன்றைத் தவிர வேறு எதற்கும் யார் வீட்டு மாடியும் ஏறாதவர்.

"கீழ் ஃபிளாட் மோஹினிஜி கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காங்க. அவங்க ஜன்னலுக்கு நேரா நீங்க ஒரு கல்லைத் தொங்க விட்டிருக்கீங்களாம். மந்திரிச்ச கயிறுல. ரத்தம் வேற தடவியிருக்காம்."

ரத்தம்!

சிரித்துவிட்டேன். ஆனால் ஒன்றை மறைக்க முடியாது. அந்தக் கல்லைத் தொங்கவிட்டது நான்தான்.

எப்படி என்று சொல்கிறேன். கொஞ்சம் பின்னாலிருந்து வரவேண்டும்.

பம்பாய் செம்பூரில், மூன்றாம் மாடியில் ஒரு பெட்ரூம் ஃபிளாட். அதில் நான் தனிக்கட்டை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒரு கட்டத்துக்கு மேல் யாரும் வற்புறுத்தவும் இல்லை. ரிட்டயர் ஆகும்வரை ஆபீஸ் இருந்தது. காலை லோக்கல் இருந்தது. லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் எனக்கு இடம் பிடித்து வைக்க சிநேகிதிகள் இருந்தார்கள். இப்போது மொபைல் இருக்கிறது.

அந்த மொபைலில் ஒரு நாள் ஒரு மீசைக்காரர் வந்தார். உலகப் பொருளாதாரம் சரியப்போகிறது, பேங்க்குகள் ஷட்டரை இறக்கிவிடும், ரூபாய் நோட்டு பொட்டலம் மடிக்கத்தான் உதவும் என்றார். தெரியாத்தனமாக ஒரு வீடியோவை முழுசாகப் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மொபைலைத் திறந்தால் ஒரே பிரளயம்.

நான் பயந்த சுபாவம் இல்லை. ஆனால் அந்த மீசைக்காரர் தினமும் சாயங்காலம் தவறாமல் வந்தார். "நண்பர்களே, எப்படி இருக்கீங்க? சாப்பிட்டீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். நீங்களே சொல்லுங்கள்... விளக்கேற்றிவிட்டு உட்காரும் நேரத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

ஆகவே பிரளயத்துக்குத் தயாரானேன். கட்டிலுக்கு அடியில் அரிசி டிரம். வண்டு வராமலிருக்க அதற்குள் வசம்பும் காய்ந்த மிளகாயும். துவரம்பருப்பு, கல் உப்பு, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, வெயிலில் சார்ஜ் ஆகும் ஒரு விளக்கு... பெட்ரூமில் பக்கவாட்டில்தான் நடக்க முடியும் என்றாகிவிட்டது. டோம்பிவிலியில் இருக்கும் தம்பிக்கு போன் செய்து, நீயும் வாங்கி வைத்துக்கொள் என்று சொன்னேன்.

"அக்கா, எங்க சொசைட்டில தண்ணியே டேங்கர்ல வர்றது. இதுல பொருளாதாரம் வேற தனியா சரியணுமாக்கும்? மீட்டிங்ல இருக்கேன், அப்பறம் கூப்பிடறேன்" என்றான்.

அந்த மீட்டிங் இன்னும் முடியவில்லை.

மீசைக்காரர் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். முதலாவது... நீங்கள் சேமித்து வைத்திருப்பது அக்கம்பக்கத்தில் தெரியக்கூடாது. நெருக்கடி வந்தால் அவர்கள்தான் முதலில் உங்கள் கதவைத் தட்டுவார்கள்.

இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். கதவைத் தட்டுவார்களா? என் கதவையா? எப்போது வருகிறது அந்த நெருக்கடி?

இரண்டாவது, பணம் செல்லாமல் போன பிறகு பண்டமாற்றுதான் கதி. அதனால் மாற்றிக்கொள்ள எதையாவது இப்போதே வளர்க்க ஆரம்பியுங்கள் என்றார்.

பம்பாயில் நமக்கு நிலம் ஏது, புலம் ஏது? ஜன்னலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் இரும்பு கிரில்தான் தோட்டம், தோப்பு எல்லாம். மழைக்கு முன்னால் பைகளில் மண்ணை நிரப்பி, கறிவேப்பிலைக் கன்று, புதினா, கொத்தமல்லி என்று வைத்தேன். தளதளவென்று வந்தன. பெருமை தாங்கவில்லை. பில்டிங் வாட்ஸ்அப் குரூப்பில் அறிவித்தேன்: மூன்றாம் மாடியில் கறிவேப்பிலை, கொத்தமல்லி கிடைக்கும். பணம் வேண்டாம். பதிலுக்கு உங்களிடம் இருப்பதில் எதுவானாலும் சரி.

சில கட்டைவிரல்கள் வந்தன. சில கும்பிடுகள் வந்தன. ஒருவர் மட்டும் க்யூஆர் கோடு அனுப்பச் சொன்னார். ஆள் யாரும் வரவில்லை.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. எங்கள் தெருமுனையில் காய்கறி விற்கும் பையாவிடம் கால் கிலோ வெண்டைக்காய் வாங்கினாலே கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் சும்மா பையில் விழும். கொசுறை வைத்துக்கொண்டு கடை விரித்தால் யார் வருவார்கள்?

அன்றைக்கு ஒரு விஷயம் புரிந்தது. தற்சார்புக்கு ஒரு ஆள் போதும். பண்டமாற்றுக்கு இரண்டு பேர் வேண்டும். எனக்குக் குறைந்தது அரிசியும் இல்லை, பருப்பும் இல்லை... அந்த இன்னொரு ஆள்தான். ஊரெல்லாம் வேண்டாம், ஒரே ஒருவர். அவரை எங்கே போய் வாங்குவது என்று மீசைக்காரர் எந்த வீடியோவிலும் சொல்லவில்லை.

சரி, கொசுறாகக் கிடைக்காத ஒன்றைப் போட்டுப் பார்ப்போம் என்று மாட்டுங்கா மார்க்கெட்டில் விசாரித்துப் புடலை விதை வாங்கி வந்து ஊன்றினேன். பம்பாய் மழையைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? கொடி கிரில்லை வளைத்துப் பிடித்துக்கொண்டு, அதுவும் போதாமல் கீழ்ப்பக்கமாக இறங்கியது. பூத்தது. பிஞ்சு விட்டது.

புடலம்பிஞ்சைப் பார்த்தால் நம்மவர்கள் கை என்ன செய்யும்? கல்லைத் தேடும். நுனியில் கல் கட்டாவிட்டால் காய் கோணிச் சுருண்டுவிடும் என்பது நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிரில்லுக்குள்ளிருந்து கையை நீட்டி, கொடியை மெல்ல மேலே இழுத்து, மண் பையில் கிடந்த ஒரு கூழாங்கல்லைக் கட்டினேன். சணல் இல்லை. சாமி ஷெல்ஃபில் மாட்டுங்கா கோயிலில் கொடுத்த காப்புக் கயிறு இருந்தது, சிவப்பும் மஞ்சளுமாக. கோயில் கயிற்றைக் கத்தரிக்க மனசு வரவில்லை. முழு நீளத்தையும் அப்படியே விட்டேன். கல் தழையத் தழையத் தொங்கியது.

பிறகு நாலு நாள் விடாத மழை. கயிற்றின் சாயம் இறங்கிக் கல் முழுக்கச் சிவப்பு. பிஞ்சோ இலைகளுக்குள் ஒளிந்திருந்தது. கீழ் வீட்டுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மந்திரக் கயிறும் அதன் முனையில் ஒரு ரத்தக் கல்லும்தான். நானாக இருந்தாலும் கம்ப்ளெயின்ட் கொடுத்திருப்பேன்.

சாவந்தைப் பெட்ரூமுக்குக் கூட்டிப்போய் கிரில்லைக் காட்டினேன். பக்கவாட்டில் நடந்து வந்தவர், டிரம்மையும் பருப்பையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். கீழே எட்டிப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது.

"அரே... பட்வல்!"

புடலங்காய்க்கு மராத்தியில் அதுதான் பெயர். அவர்கள் ஊரிலும் கல் கட்டுவார்களாம். "எனக்குப் புரிஞ்சுடுச்சு மேடம். ஆனா மோஹினிஜி சிந்தி. அவங்க இதையெல்லாம் பார்த்திருக்க மாட்டாங்க. நீங்களே போய்ச் சொல்லிடுங்க. அவங்க வீட்ல நிலைமை வேற சரியில்ல."

"என்ன நிலைமை?"

"உங்களுக்குத் தெரியாதா? அவங்க வீட்டுக்காரர், அங்கிளுக்கு ஸ்ட்ரோக். மழை ஆரம்பிச்சதுலேருந்து படுத்த படுக்கை."

என் வீட்டுத் தரைதான் அவர்கள் வீட்டு சீலிங். எனக்குத் தெரியாது. அமெரிக்க டாலருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

கீழே போனேன். மோஹினிஜி சேஃப்டி டோரின் கம்பிகளுக்குப் பின்னால் நின்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். என் வயதுதான் இருக்கும். தூக்கம் கெட்ட முகம். என் கையில் ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்த பிறகுதான் கதவைத் திறந்தார். உள்ளே பெட்ரூமில், ஜன்னலை ஒட்டி, ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டு அங்கிள் படுத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே என் கல், காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"காலைலேருந்து அதையேதான் பாக்கறார். கூப்பிட்டாக்கூடத் திரும்பறதில்ல. நான் என்ன நினைப்பேன், சொல்லுங்க?" என்றார் மோஹினிஜி. "மேலே ஒருத்தி தனியா இருக்கா. யார்கிட்டயும் பேசறதில்ல. திடீர்திடீர்னு என்னத்தையோ உருட்டற சத்தம் மட்டும் கேக்குது..."

நான் யாரிடமும் பேசுவதில்லையாம். நான்!

கோபம் வந்தது. பின்னாலேயே அழுகை வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, மொபைலில் புடலங்காய்ப் படத்தைக் காட்டி, உருட்டியது அரிசி டிரம் என்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா இப்பவே அறுத்துடறேன்."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். அங்கிள் இடது கையைக் கொஞ்சம் தூக்கி ஆட்டினார். மோஹினிஜி குனிந்து சிந்தியில் ஏதோ கேட்டார். பாதி வார்த்தையில் அவர் ஏதோ சொன்னார். மோஹினிஜி நிமிர்ந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"தினம் கொஞ்சம் கொஞ்சமா கீழ வருதாம். எதுவரைக்கும் வரும்னு பாக்கறாராம். இருக்கட்டும்... அறுக்காதீங்க."

அப்புறம் ஒரு தட்டில் சுட்ட அப்பளமும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். சிந்தி வீட்டில் விருந்தாளிக்கு முதலில் அதுதான். நான் விருந்தாளி! அப்பளத்தைச் சத்தம் வராமல் தின்ன முயன்றேன். நடக்கிற காரியமா?

அதற்கப்புறம் வந்த நாட்களில் நான் மீசைக்காரரைப் பார்க்கவே இல்லை. காலையில் எழுந்ததும் கிரில்லுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்ப்பேன். கல் எவ்வளவு இறங்கியிருக்கிறது? மேலிருந்து நான் பார்க்கிறேன், கீழிருந்து அவர் பார்க்கிறார். ஒரே காய். இதைப்போய் சிநேகிதம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

காய் முற்றுவதற்குள் அறுத்தேன். கோடு கிழித்தாற்போல நேராக வந்திருந்தது. பாதியைக் கூட்டாக்கினேன். ஒரு எவர்சில்வர் டப்பாவில் கூட்டும், பாக்கிப் பாதிக் காயுமாகக் கீழே போனேன். மோஹினிஜி காயைத் தடவிப் பார்த்தார். அங்கிளின் கையில் கொடுத்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கூட்டைத் தன் பாத்திரத்துக்கு மாற்றி, டப்பாவைக் கழுவித் துடைத்து என்னிடம் தந்துவிட்டு, உள்ளே போய் ஒரு பெரிய அப்பளப் பாக்கெட்டைக் கொண்டுவந்து கையில் திணித்தார்.

"லீஜியே. ஹிசாப் பராபர்" என்று சிரித்தார். எடுத்துக்கொள்ளுங்கள், கணக்கு நேராகிவிட்டது என்று அர்த்தம்.

என் வாழ்க்கையின் முதல் பண்டமாற்று! குதித்துக்கொண்டுதான் மாடி ஏறினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது.

நான் கொடுத்தேன். அவர் கொடுத்தார். நேராகிவிட்டது. இனி அவர் என் கதவைத் தட்ட ஒரு காரணமும் இல்லை, நான் அவர் கதவைத் தட்டவும் இல்லை. பண்டமாற்று என்பது இவ்வளவு சுத்தமான ஏற்பாடா? மனுஷர்களுக்கு நடுவில் ஏதாவது கொஞ்சம் நேராகாமல் கிடந்தால்தானே மறுபடி முகம் பார்க்க முடியும்? ஒரு பொருளாதாரமே சரிந்தாலும் தாக்குப்பிடிப்பேன் என்று நினைத்திருந்தவள், ஒரு அப்பளப் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் நின்றேன்.

மழை நின்றது. கொடியும் பழுத்து ஓய்ந்துவிட்டது. அங்கிளின் ஜன்னலுக்கு நேரே இப்போது ஒன்றும் இல்லை.

போன வாரம் மனசு கேட்காமல் கொத்தமல்லித் தொக்கு கிளறி எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை ஒரு தந்திரம் செய்தேன். தொக்கை அவர் கிண்ணத்துக்கு மாற்றியதும், டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு மூடியை டீபாயிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். மறதி இல்லை. வேண்டுமென்றேதான். மூடி இல்லாத டப்பா எனக்கு எதற்கு? டப்பா இல்லாத மூடி அவருக்கு எதற்கு? எப்படியும் ஒரு நாள் அவர் மாடி ஏறி வந்தே ஆகவேண்டும்... காபிக்கு டிகாஷன் கூடக் கொஞ்சம் சேர்த்தே போட்டுவைத்தேன். பெல் சத்தம் காதில் விழவேண்டுமே என்று டீவியை மெதுவாக வைத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை பெல் அடித்தது. முட்டி வலியையும் மறந்து ஓடினேன்.

வாட்ச்மேன். கையில் பேப்பரில் சுற்றிய மூடி. "மோஹினி மேடம் குடுக்கச் சொன்னாங்க."

அவரைக் குறை சொல்லமாட்டேன். படுத்திருக்கும் மனிதரைத் தனியே விட்டுவிட்டு மாடி ஏறிவர அவருக்கு ஏது நேரம்? கவனமாகத் தேய்த்து, துளி எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் அனுப்பியிருந்தார்.

ஒரு பஞ்சத்துக்கு வேண்டிய சாமான்கள் வீடு முழுக்க இருக்கின்றன... அதில் எதைக் கீழே மறந்து வைத்துவிட்டு வரலாம் என்றுதான் இன்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.