ஐந்து இருபதுக்கு எழுந்து போகிறவள்

தனலக்ஷ்மி ஒரு படத்தை நான்கு முறை பார்த்தாள். அதில் மூன்று முறை முடிவைப் பார்க்கவில்லை. எல்லாக் கோளாறும் அதனால்தான் வந்தது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் கையோடு ஃபோனை எடுத்துத் தேடுவீர்கள்.

நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். இருட்டோடு ரயிலேறி பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் அதே ரயிலில் திரும்புகிறவர்கள். சுரங்கத்தை மூடிய வருஷம் தனலக்ஷ்மிக்கு இருபது வயது. அப்பாவுக்கு வேலை போனது, பின்னாலேயே நெஞ்சும் போனது. மூத்தவள் என்பதால் இவள் ரயிலேறினாள். இரண்டு தங்கைகளுக்கும் கல்யாணம் செய்து வைத்து, அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டு, நடுவில் தனக்கு நாற்பத்து நான்கு ஆகிவிட்டதைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். இப்போது வைட்ஃபீல்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். ஆறு மாடியும் அவள் பொறுப்பு.

நான் தமயந்தி. வைட்ஃபீல்டிலேயே ஒரு தையல் கடையில் பிளவுஸ் தைக்கிறேன். லேடீஸ் பெட்டியில் பதினோரு வருஷமாக அவளுக்கு எதிர் சீட். எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம் என்பார்கள், இருக்கட்டும்.

எங்கள் பெட்டியில் ஒரு சட்டம் உண்டு. ஏழு பேரில் யார் படம் பார்த்தாலும் மற்ற ஆறு பேருக்கும் கதை சொல்லியாக வேண்டும். பாட்டு, சண்டை, சேலைக் கலர் எதையும் விடக் கூடாது. கதை முடிகிற வரை வேறு யாரும் அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது, ஃபோனில் தேடவும் கூடாது. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆடி பிறந்த முதல் சனிக்கிழமை தனலக்ஷ்மியின் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கு மாலில் ஓடும் ஒரு இந்திப் படத்துக்கு டிக்கெட் கொடுத்தார்கள். இரண்டரை மணி ஆட்டம். அவளுக்குத் தெரிந்த இந்தியெல்லாம் செக்யூரிட்டி ஆட்களோடு சண்டை போட்டுக் கற்றதுதான். ஆனாலும் திங்கட்கிழமை காலை ரயிலில் ஏறியபோது அவள் முகமே வேறு மாதிரி இருந்தது.

"படிக்கட்டு ஒண்ணு வருது பாரு தமயந்தி, நம்ம ஸ்டேஷனே அதுல அடங்கிடும். இருநூறு பொண்ணுங்க மஞ்சள் குடை புடிச்சிகினு எறங்குறாளுங்க. ஒரு குடை இன்னொரு குடை மேல படல! கீழ தரை கண்ணாடி மாதிரி மின்னுது. மாப் போட்ட கோடு ஒண்ணு கூட தெரியல. யாரு தொடச்சாங்களோ, அவங்களுக்கு ஒரு கும்பிடு."

கதை இதுதான். கடற்கரை ஊரில் ஒரு பாட்டுக்காரி. தம்பி தங்கைகளை ஆளாக்கியவள். கப்பல் இன்ஜினியர் ஒருவன் அவளிடம், கப்பல் கிளம்புவதற்குள் பதில் சொல், என்னோடு வந்துவிடு என்கிறான். அவள் பதில் சொல்லாமல் பாடிக்கொண்டே இருக்கிறாள். இதைத் தனலக்ஷ்மி ஐந்து நாள் சொன்னாள். பாட்டு வரும் இடத்தில் தானே பாடினாள். ஜன்னல் ஓரத்து மோனிகா மாலூரில் இறங்க வேண்டியவள், இறங்காமல் உட்கார்ந்து கேட்டுவிட்டு வேலைக்கு லேட்டாகப் போய்த் திட்டு வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கப்பல் சங்கு ஊதுகிற இடத்துக்கு வந்தாள். பாட்டுக்காரி படிக்கட்டின் உச்சியில் நிற்கிறாள். அவன் கீழே கப்பல் ஏறும் பலகையில் கால் வைக்கிறான்.

"அப்புறம்?" என்றோம்.

"அப்புறம் மணி அஞ்சு இருபது ஆயிடிச்சி. நான் எழுந்து வந்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படம் ஐந்து ஐம்பதுக்குத்தான் முடியும். வைட்ஃபீல்ட் டிராஃபிக்கில் ஸ்டேஷன் வந்து சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். எங்கள் வண்டி ஆறு பத்துக்கு. அதை விட்டால் ஏழரை வண்டிதான். அது பங்காருப்பேட்டையோடு நின்றுவிடும், அங்கிருந்து ஆட்டோ பிடித்துத் தனியாகத் தங்கவயல் போக வேண்டும். இருபத்து நாலு வருஷத்தில் ஒரு நாள் கூட அவள் வண்டியை விட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை தானே டிக்கெட் எடுத்துப் போனாள். அதற்கடுத்த சனியும் போனாள். இரண்டு தடவையும் ஐந்து இருபதுக்கு எழுந்துவிட்டாள். திங்கட்கிழமை எங்களுக்குக் குடை டான்ஸை மட்டும் மறுபடி சொன்னாள்.

அவள் சினிமாவுக்குப் பைத்தியமாகிற ஆள் இல்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. தனியாக இழுத்துப் போய் மிரட்டிக் கேட்டதும்தான் விஷயம் வெளியே வந்தது.

எத்திராஜ் என்று ஒருவர். லிஃப்ட் மெக்கானிக். எங்கள் வண்டியிலேயே ஊரிகம் ஸ்டேஷனில் ஏறுகிறவர். ஆனி மாசக் கடைசியில் வைட்ஃபீல்ட் பிளாட்ஃபாரத்தில் டூல்ஸ் பையைக் கீழே வைத்துவிட்டு இவளிடம் சொல்லியிருக்கிறார்: "எனக்கு நாப்பத்தெட்டு. சம்சாரம் தவறி ஆறு வருஷம் ஆவுது. உங்களுக்கு சம்மதம்னா சொல்லுங்க. இல்லன்னாலும் சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். தெனமும் ஒரே வண்டிலதானே வரணும்."

இவள், "ஆடி முடியட்டும்," என்று சொல்லி வந்துவிட்டாள். ஆடியில் நல்ல காரியம் பேச மாட்டோம் அல்லவா, ஒரு மாசம் தப்பித்தாள்.

"உனக்குப் புடிச்சிருக்கா இல்லியா, அத சொல்லுடி," என்றேன்.

"புடிச்சிருக்கு," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "ஆனா பயமா கீது தமயந்தி. தங்கச்சி பசங்கல்லாம் காலேஜ் போவுதுங்க. இந்த வயசுல மாலையோட நின்னா ஊரு சிரிக்காது? அந்தப் பாட்டுக்காரி இன்னா பண்றான்னு பாத்துட்டு சொல்லலாம்னு இருக்கேன்."

"அடிப்பாவி! சினிமாக்காரிய கேட்டுகினா கல்யாணம் பண்ணுவ?"

"அவளுக்கும் என் கததானே," என்றாள். கண் கலங்கிவிட்டது.

நான்காவது வாரம் படத்தைத் தூக்கப்போவதாகத் தெரிந்தது. சனிக்கிழமைதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. ஆடி முடிய ஏழு நாள் இருந்தது. நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து சத்தியம் வாங்கினோம், இந்தத் தடவை உட்கார்ந்து முடிவைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று. "வண்டிய உட்டா உலகம் ஒண்ணும் முழுகிடாது," என்று மோனிகா சொன்னாள். அன்றைக்கு ஆறு பத்து வண்டியில் எதிர் சீட் காலியாக வந்தது. மனசுக்கு என்னவோ போல இருந்தது. நல்ல முடிவாக இருக்க வேண்டுமே என்று தங்கவயல் வரை கும்பிட்டுக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை காலை சாம்பியன் ஸ்டேஷனில் ஏறினாள். நாங்கள் வாய் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"சங்கு ஊதுது. அவன் மேல பாக்குறான். அவ கீழ பாக்குறா. மியூசிக் தூக்குது பாரு, எனக்கு மயிர்க்கூச்செடுக்குது. அவ ஒரு படி எறங்குறா. அப்புறம் நின்னுடுறா. கையைக் காட்டுறா. கப்பல் போயிடுது. இருநூறு பேரும் குடையச் சுத்தி ஆடுறாங்க. அவ்ளோதான். முடிஞ்சிது."

நாங்கள்தானே பிடித்துத் தள்ளி உட்கார வைத்தோம்!

"பாழாப் போனவ! மூணு மணி நேரம் பாட்டு பாடிட்டு டாட்டா காட்டவா?" என்று மோனிகா கத்தினாள்.

"நானும் அதான் கேட்டேன்," என்றாள் தனலக்ஷ்மி. "பக்கத்து சீட்டுக்காரங்கல்லாம் அழுவுறாங்க, எனக்கு கோவம் தாங்கல. படிக்கட்டு கீது, காலு கீது, எறங்கிப் போறதுக்கு இன்னா கேடு அவளுக்கு? அவ்ளோ பெரிய படிக்கட்ட கட்டி வச்சிட்டு ஒரு படி எறங்குறாளாம்."

அந்தக் கோபத்தோடு ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். ஆறு பத்து வண்டி போய்விட்டது. பிளாட்ஃபாரம் காலி. பெஞ்சில் டூல்ஸ் பையோடு எத்திராஜ் உட்கார்ந்திருந்தாராம்.

"வண்டிய உட்டுட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"வண்டி வந்துது. நீங்க ஏறல. நானும் ஏறல."

"ஏன்?"

"ஏழரை வண்டி பங்காருப்பேட்டையோட சரி. அங்கருந்து நீங்க தனியா ஆட்டோல போவணுமே." பையை நகர்த்தி வைத்துக்கொண்டே, "பதில் கேக்கறதுக்கு இல்லீங்க. ஆடி முடிய இன்னும் நாள் கீது, எனக்குத் தெரியும்," என்றாராம்.

"நீ இன்னாடி சொன்ன?" என்று ஆறு பேரும் ஒன்றாகக் கேட்டோம்.

"ஆடியாவது ஒண்ணாவதுன்னு சொல்லி பக்கத்துல உக்காந்தேன்," என்றாள். "பத்திரிகைய ஆவணில தரேன், படிச்சிக்கங்க."

மோனிகா போட்ட கூச்சலில் அடுத்த பெட்டிக்காரர்கள் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள். நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம், நன்றாகவே அழுதேன். ஊரிகத்தில் வண்டி நின்றபோது எத்திராஜ் எங்கள் ஜன்னலைக் கடந்து போனார். ஏழு பேரும் பார்த்ததில் பாவம், தவறான பெட்டியில் ஏறி மறுபடி இறங்கினார்.

ஆவணிக் கடைசியில் கல்யாணம் நடந்தது. மஞ்சள் பிளவுஸ் நான் தைத்தது. ஊர் சிரித்ததா என்றால், சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் பாயசம் குடித்துப் போனார்கள்.

ஐப்பசியில் அந்தப் படம் ஃபோனுக்கு வந்தது. கதைதான் முடிந்துவிட்டதே, சட்டம் இடம் கொடுக்கும் என்று என் ஃபோனை ஜன்னலில் சாய்த்து வைத்து ஏழு பேரும் பார்த்தோம். குடை டான்ஸ் அவள் சொன்னதற்குக் குறைவாகத்தான் இருந்தது. கப்பல் சங்கு ஊதியது. பாட்டுக்காரி படிக்கட்டின் உச்சியில் வந்து நின்றாள். தனலக்ஷ்மி கையை நீட்டிப் படத்தை நிறுத்தினாள்.

"போதும்," என்றாள். "இது வரைக்கும்தான் நல்ல படம்."