பக்கத்து ரிப்போட்டும் நீண்ட இலக்கமும்

வெப் அப்ளிகேஷன் எழுதிப் பிழைக்கும் என் சக பாவிகளுக்குத் தெரியும்: நாம் எழுதும் நிரலை வாடிக்கையாளர் பார்ப்பதில்லை, அவர் கண்ணில் படுவது அதிலுள்ள இலக்கம்தான்.

ஒன்றைக் கூட்டினால் போதும்

கெலிஓயாவில் பரீனா என்பவர் இரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறார். ரிப்போட் தயாரானதும் நோயாளியின் போனுக்கு ஒரு லிங்க் போகும். யாரோ முன்பு செய்து கொடுத்த சிஸ்டம்; லிங்கின் முடிவில் ரிப்போட்டின் வரிசை இலக்கம். ஒருவர் தன் ரிப்போட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்காமல், அந்த இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டிப் பார்த்தார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்ணின் கர்ப்பப் பரிசோதனை முடிவு திறந்துகொண்டது. அன்றே அது அந்தப் பெண்ணின் கணவர் காதுக்கும் போய்விட்டது.

மறுநாள் அந்தப் பெண் வந்தபோது, சிஸ்டத்தைத் திருத்த அழைக்கப்பட்டிருந்த நானும் அங்கே இருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. பரீனாவிடம், "என்ட மாப்பிள்ளைக்கி நான் வாயால சொல்ல வச்சிருந்த விஷயம். அவருக்கு அத ரோட்டுல வச்சி சொல்லிட்டாங்க" என்றார்.

டீயா, பீயா?

அந்த வாரமே பிரைமரி கீயை, அதாவது ஒவ்வொரு பதிவுக்கும் உரிய அடையாளத்தை, யூயூஐடியாக மாற்றினேன்: எழுத்தும் எண்ணும் கலந்த, ஊகிக்க முடியாத முப்பத்தாறு குறிகள். லிங்க் கிடைத்தாலும் போனுக்கு வரும் ஓடிபி இல்லாமல் ரிப்போட் திறக்காது. வரவேற்பில் இருக்கும் சித்ரா கூப்பிடும்வரை நிம்மதியாக இருந்தேன்.

பேராதனையிலிருந்து ஒரு பெரியவர் தன் ரிப்போட் நம்பரைப் போனில் கேட்டிருக்கிறார். அவள் வாசிக்க, அவர் "டீயா, பீயா?" என்று கேட்க, திரும்பவும் முதலிலிருந்து. லிங்கில் சேராத, வாயால் சொல்வதற்கென்றே ஒரு சின்ன இலக்கத்தைத் தனியாகச் சேர்த்துக் கொடுத்தேன். சித்ரா சொன்னாள்: "நல்லது சேர். இல்லாட்டி நாங்க வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள அவருக்கு சொகமாயிரும்."

மழை நாள்

பிறகு பரீனா கட்டுகஸ்தோட்டையில் கிளை திறந்தார். ஒரு மழை நாளில் அங்கே இன்டர்நெட் போய்விட்டது. இரண்டு இடத்திலும் அவரவர் கம்ப்யூட்டரில் நோயாளிகளைப் பதிந்துகொண்டே இருந்தார்கள். பழைய வரிசை இலக்கமாக இருந்திருந்தால் இரு இடத்திலும் ஒரே இலக்கம் விழுந்து, ஒருவரின் ரிப்போட் இன்னொருவருக்குப் போயிருக்கும். லைன் வந்ததும் எல்லாப் பதிவுகளும் மோதாமல் ஒன்றுசேர்ந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஒரே நம்பர் ரெண்டு பேருக்கு விழவே விழாதா?" என்று பரீனா கேட்டார்.

"கணக்குப்படி வாய்ப்பு இருக்கு. ஆனா இல்லன்னே சொல்லலாம்" என்றேன்.

"இல்லன்னு சொல்லாதீங்க தம்பி. இன்னும் விழல்லன்னு சொல்லுங்க."

இந்தத் தொழிலில் ஒரு சிக்கலைத் தீர்ப்பது என்பது, வாடிக்கையாளர் அடுத்த கேள்வியைக் கேட்கும்வரை நமக்குக் கிடைக்கும் இடைவேளைதான்.