ஓடுபாதையிலிருந்தே தொடங்கியவர்

கடல் கடந்து வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அசாருதீனுக்கு விமானம் என்றாலே ஆகாது. அதிராம்பட்டினத்திலிருந்து இங்கே வந்தபோது, அந்தமான் கடலுக்கு மேலே விமானம் கிணற்றில் விழுவதுபோல் இறங்கியதில் பிடித்த பயம் அது. ஊரில் நடந்த மூத்த மகள் ஆயிஷாவின் நிக்காஹுக்கு டிக்கெட் எடுத்து, விமானத்தின் வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டார். அவர் சார்பில் மச்சான் ஜெய்னுதீன் உட்கார்ந்து பெண்ணைக் கொடுத்தார்.

இப்போது இளையவள் முறை. "வாப்பா, இந்தத் தடவையும் மாமாதான் உட்காருவாங்களா?" என்று ரேஷ்மா போனில் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

பூச்சோங்கிலிருந்து வேலைக்கு வரும் லிஃப்ட் மெக்கானிக் கமலநாதன் மதியத்தில் அவர் கடையில்தான் சாப்பிடுவார். வீட்டிலேயே கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறவர். அவர்தான் கடையின் பின்னால் இருந்த சாமான் அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, தான் ஓட்டும் அந்த விமான புரோகிராமை ஏற்றிக் கொடுத்தார்.

"இது வெளாட்டு இல்ல, பாஸ். பம்பு, வால்வு, ஒயரு எல்லாம் நெசத்துல எப்படியோ அப்படியே வேலை செய்யும். எந்தச் சத்தம் எதுக்குன்னு தெரிஞ்சிட்டா பயம் போயிடும் லா."

மதியக் கூட்டம் ஓய்ந்து, மாலையில் தே தாரிக் என்னும் நுரைத் தேநீர் குடிக்கும் கூட்டம் வருவதற்குள் அசாருதீன் அந்த அறைக்குள் போய்விடுவார். அணைந்து கிடக்கும் விமானத்தைச் சுவிட்சு சுவிட்சாகத் தட்டி எழுப்ப அவருக்கு நேரமில்லை. எஞ்சின்கள் இரைந்துகொண்டு ஓடுபாதையில் நிற்கும் விமானத்திலிருந்துதான் எப்போதும் தொடங்குவார். மேலே போனதும் எதையாவது கெடுப்பார். எஞ்சினில் தீ வைப்பார். சக்கரத்தையும் இறக்கையின் மடல்களையும் அசைக்கும் எண்ணெய்க் குழாயை ஒழுகவிடுவார். அப்போது இன்னொரு குழாயின் பலத்தை இதற்குத் தள்ளும் ஒரு கருவி, விமானத் தரைக்கு அடியில் நாய் குரைப்பதுபோல் விடாமல் கத்தும். அதைக் கேட்கும்போதெல்லாம் சட்டை நனைந்துவிடும்.

"ஒரு நாளாச்சும் ப்ளேன நல்லா ஓட்டுங்க, பாஸ். தெனம் போட்டு ஒடைக்கிறீங்க. மொதல்ல ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

"ஸ்டார்ட் பண்றப்ப ஆரு சாவுறா? மேல போனாத்தானே சாவு. நான் அதைப் படிக்கிறேன்."

பயணத்தன்று, இறக்கைக்கு நேராக இருந்த இருக்கையில் போய் உட்கார்ந்தார். கதவு சாத்தினார்கள். விமானம் மெல்லப் பின்னால் நகர்ந்தது. சில்லென்று வந்த காற்று சட்டென நின்றது. விளக்கு ஒரு முறை மினுங்கியது. ஓர் எஞ்சின் முனகியது, பிறகு மற்றொன்று. அவர் காலடியில் அதே நாய்க் குரைப்பு கேட்டது.

பெல்ட்டை அவிழ்த்து எழுந்துவிட்டார். லோகேஸ்வரி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பணிப்பெண் விரைந்து வந்தாள்.

"அங்கிள், உட்காருங்க. ப்ளேன் நகருது."

"எண்ணெய் ஒழுகுதும்மா. கேப்டன்கிட்ட சொல்லு."

"இது தெனமும் இப்படித்தான் கத்தும், அங்கிள்."

"தெனமும் ஒழுகுதா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"எறங்கணுமா, அங்கிள்? சொன்னீங்கன்னா கேப்டன்கிட்ட கேட்டுத் திருப்பச் சொல்றேன். ஆனா எறங்கிட்டா இந்த ப்ளேன்ல திரும்ப ஏற முடியாது."

ஆமாம் என்று சொல்லத்தான் நினைத்தார். நிக்காஹில் தனக்குப் பதிலாக ஜெய்னுதீன் மறுபடி உட்கார்வது கண்ணில் தெரிந்தது. வாயைத் திறந்தார். குரைப்பு நின்றது.

அவர் காத்திருந்தார். மறுபடி வரவில்லை. சாமான் அறையில் அது ஒருபோதும் தானாக நின்றதில்லை. ஒழுகிய எண்ணெய் திரும்பி வந்து சேராது. அப்படியானால் இது வேறு ஏதோ. விமானம் கிளம்பும்போது நடக்கிற ஏதோ. கம்ப்யூட்டரில் எத்தனையோ விமானங்களை விழவைத்தவர், ஒன்றைக்கூட ஸ்டார்ட் செய்து பார்த்ததில்லை.

உட்கார்ந்தார். பெல்ட்டை லோகேஸ்வரி மாட்டிவிட்டாள்.

"அடுத்து என்ன சத்தம்மா வரும்?"

"மேல ஏறினதும் சக்கரம் உள்ள போறப்ப டமார்னு கேக்கும்."

"அது தெரியும்" என்றார்.

விமானம் ஓடுபாதைக்கு வந்து திரும்பி நின்றது. இங்கிருந்து அவருக்கு எல்லாம் தெரியும். எங்கெங்கே என்னென்ன கெடும் என்பதும் தெரியும். எஞ்சின்கள் இரைச்சலெடுக்க, அசாருதீன் கண்களை இறுக மூடிக்கொண்டு, மகளைக் கொடுக்கும்போது சொல்ல வேண்டிய சொற்களை உதட்டுக்குள் சொல்லத் தொடங்கினார்.