துறைமுகத்துக்கு நடக்கிற தூரத்தில் ஒரு லாட்ஜ்

எங்கள் வீட்டில் பேச்சு முற்றினால் கைதான் பேசும். அப்பா அடிப்பார், நான் திருப்பி அடிப்பேன், அண்ணன் குறுக்கே வந்து இரண்டு பக்கத்து அடியையும் வாங்குவான். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்கே இது பழகிப் போயிருந்ததால், சத்தம் கேட்டாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

எழுபதுகளின் கடைசியில் அண்ணனுக்குச் சிங்கப்பூரில் கொத்தனார் வேலை கிடைத்தது. மெட்ராஸிலிருந்து சனிக்கிழமை கப்பல். துறைமுக வாசலில் ஏஜெண்ட் ஆளைப் பார்த்து, கைகாலைச் சோதித்து, சரி என்றால்தான் ஏற்றுவான். அந்தக் கப்பலை விட்டால் வேலை வேறொருவனுக்கு. அண்ணன் அந்தக் கப்பலுக்குத் தவித்தது சம்பாதிக்க மட்டுமல்ல, இந்த வீட்டை விட்டுத் தப்பிக்கவும்தான்.

முந்தின இரவு எங்கே தங்குவது என்பதில் தகராறு தொடங்கியது. இரண்டு முறை பினாங்குக்குக் கப்பலேறிய கடையநல்லூர் பாய் ஒருவர், மண்ணடியில் ஒரு லாட்ஜைச் சொல்லியிருந்தார். மூட்டைப்பூச்சி உண்டு, ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டே துறைமுகத்துக்கு நடந்துவிடலாம் என்றார். அப்பாவுக்கோ மாம்பலத்தில் ஊர்க்காரர் ஒருவர் மேனேஜராக இருந்த சத்திரம்தான் வேண்டும். தெரிந்த முகம் இல்லாத இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு எவன் தூங்குவான் என்று கேட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து காலையில் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்றேன். டிக்கெட் எடுத்தவனை விட்டுவிட்டா கப்பல் போய்விடும் என்றார். கோவில்பட்டி பஸ்ஸுக்கு வழியில் நின்று கைகாட்டி ஏறிப் பழகிய மனிதர்.

இதற்கிடையில் இன்னொன்று. சனிக்கிழமை கிழக்கே சூலம், அந்தப் பக்கம் பயணம் ஆகாது, கடலோ கிழக்கே. அதனால் அப்பா புதன்கிழமையே நல்ல நேரம் பார்த்து, அண்ணனின் வேட்டி, குடை, பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி, தெருவின் கிழக்குக் கோடியில் சித்தப்பா வீட்டில் பரஸ்தானம் வைத்துவிட்டார். மூட்டை புறப்பட்டுவிட்டால் ஆளும் புறப்பட்ட மாதிரி, சூலம் தாக்காது. ஆனால் அந்த மூட்டை மறுபடி எங்கள் வீட்டுப் படி ஏறக் கூடாது.

வியாழக்கிழமை மத்தியானம் நான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். தெரியாமல் செய்யவில்லை. காலை ஏழரை மணிக்குத் துறைமுக வாசலை அடைத்துவிடுவார்கள் என்று டிக்கெட்டோடு வந்த தாளில் அச்சடித்திருந்தது. அதை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்து வாசிக்க வேண்டும் என்று வெறி. தாளை மட்டும் உருவிக்கொண்டு வந்திருக்கலாம். இருந்த கோபத்தில் மூட்டையோடு தூக்கிக்கொண்டு வந்தேன்.

அப்பா தாளைப் பார்க்கவே இல்லை. மண்வெட்டிக் காம்பு முதலில் என் முழங்காலில் விழுந்தது, அடுத்தது தோளில். மூன்றாவது அடிக்குக் குனிந்தேன், சுவரில் காரை பெயர்ந்தது. மூலையில் சாத்தியிருந்த உலக்கை என் கைக்கு வந்தது. அவர் மண்டையைப் பார்த்துத்தான் வீசினேன், அதில் பொய் சொல்ல மாட்டேன். அந்த நிமிஷம் அவர் சாக வேண்டும் என்றே நினைத்தேன். நடுவில் அண்ணனின் வலது கை வந்தது. உலக்கையின் இரும்புப் பூண் மணிக்கட்டில் இறங்க, விறகு முறிகிற மாதிரி சத்தம் கேட்டது.

மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு, அப்படியும் சாயங்கால ரயிலேறினோம், அண்ணனும் நானும். எங்கே தங்கப் போகிறோம் என்று அப்பா கேட்கவில்லை.

மண்ணடி லாட்ஜ், கடையநல்லூர் பாய் சொன்னபடியே இருந்தது. சனிக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் துறைமுக வாசலில் நின்றோம், எங்களுக்கு முன்னால் பத்துப் பேர்கூட இல்லை. மாவுக்கட்டை மறைக்க அண்ணனுக்கு முழுக்கைச் சட்டை மாட்டிவிட்டிருந்தேன். ஏஜெண்ட் இரண்டு கையையும் நீட்டச் சொன்னான். பார்த்தான், பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டான். நான் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். காவலாளிகள் இரண்டு பேர் என்னைத் தரையில் போட்டு மிதித்து வெளியே தள்ளினார்கள்.

ரூமுக்கு வந்து உட்கார்ந்தோம். உதட்டில் ரத்தம் நிற்கவில்லை. மத்தியானம் கப்பலின் சங்கு அவ்வளவு பக்கத்தில் கேட்டது. குறுக்கே ஏன் வந்தாய் என்று அண்ணனிடம் கேட்டேன். திரும்பவும் கேட்டேன், கத்தினேன்.

"உலக்கை வாரது தெரிஞ்சுதான்ல கைய நீட்டுனேன்" என்றான். "அப்பா மண்டைல விழுந்திருந்தா நீ தூக்குக்குல்லா போயிருப்ப."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஒரு கப்பலையே எனக்காகத் தொலைத்துவிட்டு இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறானே என்று எழுந்து கையை ஓங்கிவிட்டேன். வீட்டுப் பழக்கத்தில், அண்ணன் நல்ல கையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டான். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், அவன் காலடியில் உட்கார்ந்து அழுதேன்.