தைலக்காரம்மா நடாமல் விட்ட நிலம்

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். மலையிலிருந்து பீன்ஸ் மூட்டைகளோடு இறங்கிய லாரி ஒன்று ஓரமாக வந்து நின்றது. டிரைவர் செல்லையா தலையை வெளியே நீட்டினார்.

"வாத்தியாரே, சேதி தெரியுமா? தைலக்காரம்மா தவறிட்டாங்க. நேத்துச் சாயங்காலமே அடக்கம் பண்ணியாச்சு."

"நேத்தேவா? ஏன்யா, எனக்கு ஒரு ஆள் அனுப்பிச் சொல்லக்கூடாதா?"

"எப்படிங்க அனுப்ப? மழையில ரோடு சரிஞ்சு கெடந்துச்சு. இன்னைக்கு வெள்ளனேதான் வழி விட்டாங்க. மலைய விட்டு எறங்குன மொத வண்டி நம்மளுதுதான்."

அவர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? மழை மேல் கோபப்பட்டேன். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் மனைவிக்கு அந்த அம்மாளைத் தெரியும். சேதியைக் கேட்டு அவளும் அழுதாள்.

அந்தோணியம்மாள் என்பது அவர் பெயர். பேத்துப்பாறைக்கு மேலே உள்ள அந்தச் சிற்றூரில் தைலக் கொட்டகை அவருடையது என்பதால் எல்லாருக்கும் அவர் தைலக்காரம்மா. நான் மட்டும் அக்கா என்று கூப்பிடுவேன். கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார், பிள்ளை இல்லை. தைல மரத் தோப்பும் ஒரு பெரிய செப்புக் கொப்பரையும்தான் அவருக்கு இருந்த சொத்து. அவரோடு பழகியவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். நான் சொல்வதில் ஏதாவது பிசகு இருந்தால் திருத்துங்கள். ஆனால் அவரைப் பெரிய மகான் என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவார். கண்டுபிடித்துக் கேட்டால், "ஒங்களுக்குக் கண்ணு சரியில்ல வாத்தியாரே, கண்ணாடி போடுங்க" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அந்த ஊர்ப் பள்ளிக்கு ஒற்றை ஆசிரியராக என்னை மாற்றினார்கள். பழனி அடிவாரத்தில் விபூதிக்கும் சந்தனத்துக்கும் நடுவே வளர்ந்தவன் நான். ஊருக்குள் கால் வைத்ததுமே தைல நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். கொட்டகை வாசலில் இலைக்கட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அழாதீங்க வாத்தியாரே. கொஞ்ச நாள் பொறுங்க, ஒங்க மூக்கும் எங்க மூக்கு மாதிரி ஆயிரும்."

அவர் சொன்னபடியே ஆயிற்று. மழைக்காலம் வருவதற்குள் அந்த வாசனை எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ஊரில் எல்லாருக்கும் ஒரே தொழில்தான். பெண்கள் இலை பறித்துக் கட்டாகக் கட்டிச் சுமந்து வருவார்கள். ஆண்கள் அதைக் கொப்பரையில் மிதித்து அடைத்து, மூடியைச் சுற்றிக் களிமண் பூசித் தீ மூட்டுவார்கள். ஆவி குழாய் வழியே குளிர்ந்து தைலமாகச் சொட்டும். மதுரையிலிருந்து ஒரே ஒரு வியாபாரி வந்து எடுத்துப் போவார். அவர் கொடுப்பதுதான் விலை. அரிசி, துணி, கல்யாணம், கருமாதி எல்லாம் அந்த ஒரு ஆளை நம்பித்தான்.

ஒரு வருடம் அந்த ஆள் வரவில்லை. மழை நின்றது, பனி இறங்கியது, அவர் வரவேயில்லை. கொட்டகையில் தைல டின்கள் அடுக்கடுக்காக நின்றன. பிள்ளைகள் பள்ளியில் பசியோடு உட்கார்ந்து தூங்கி விழுந்தார்கள். நான் பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டுக் கஞ்சி காய்ச்சினேன், அதுவும் அம்மாள் கொடுத்த அரிசியில்தான். பிறகு குடும்பங்கள் கிளம்ப ஆரம்பித்தன. அம்மாளின் தங்கை தெரசாவும் புருஷன் பிள்ளைகளோடு மூணாறு தேயிலைத் தோட்டத்துக்குப் போனாள். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் வளைவில் மறைந்த பிறகு அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"மதுரையில ஒரு மனுசனுக்கு வேற சோலி வந்துருச்சுன்னா இங்க ஒரு ஊரே பட்டினி கெடக்கு. இதெல்லாம் ஒரு பொழப்பா வாத்தியாரே? இனி இந்த ஊர்ல இருந்து ஒரு குடும்பம் வயித்துக்காக வெளிய போகக்கூடாது."

வியாபாரி ஒரு வழியாக வந்து சேர்ந்தார். டின்கள் கிளம்பின. ஊரார் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள். அம்மாள் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலேயே எல்லாரையும் நிறுத்தினார். அவரவர் நிலத்தில் உள்ள தைல மரத்தை வெட்டுங்கள், வேரைத் தோண்டுங்கள், பீன்ஸும் உருளைக்கிழங்கும் போடுங்கள், வரப்பில் பேரிக்காய்க் கன்று வையுங்கள் என்றார். செபஸ்தியான் என்ற பெரிய வாய்க்காரர் முன்னால் வந்தார்.

"தைலம் வடிக்கிறவங்களே தைல மரத்த வெட்டச் சொல்றாங்கன்னா, இதுல என்னமோ சூது இருக்குப்பா. நம்ம மரமெல்லாம் போச்சுன்னா இவங்க தோப்பு ஒண்ணுதான மிஞ்சும்?"

கூட்டம் முணுமுணுத்தது. அம்மாளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"நியாயமான கேள்விதான் செபஸ்தியான். என் தோப்பு மிஞ்சத்தான் செய்யும். பேரி காய்க்கிற வரைக்கும் நீங்க எதைத் திம்பீங்க? என் தோப்புல வந்து இலை பறிங்க. கூலி தாரேன். கொப்பரை ஒரு நாளும் அணையாது. ஒங்க நெலத்துல வேற வெள்ளாமை நிமிர்ற வரைக்கும் அந்தக் கூலியில சாப்பிடுங்க."

அப்போது அந்தப் பேச்சின் முழுக் கனமும் யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான். நல்ல ஏற்பாடு என்று தலையாட்டினேன்.

தைல மரத்தை வெட்டுவது லேசு, ஒழிப்பது லேசில்லை. அடிக்கட்டையில் மறுபடி துளிர்க்கும். ஊரே கடப்பாரையும் மண்வெட்டியுமாக வேர் தோண்டியது. செண்பகனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து அம்மாள் பேரிக்கன்றுகளைக் கேட்டு வாங்கி, ஈரச்சாக்கில் சுற்றித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார். எந்த வீட்டுக் கன்றை ஆடு கடித்தாலும் அந்த வீட்டுக்காரருக்குத் திட்டு விழும். நான் வளர்க்காத ஆட்டுக்காக நானும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

முதல் பீன்ஸ் விளைச்சல் லாரியில் ஏறிய நாள் திருவிழா மாதிரி இருந்தது. செபஸ்தியானும் நானும் கூடவே வத்தலக்குண்டு மண்டிக்கு வந்தோம். மண்டிக்காரர் மூட்டையைப் பிரித்தார். ஒரு காயை ஒடித்து மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னய்யா இது, காய்ல தைலத்தை ஊத்திக் கொண்டாந்திருக்கீங்க? இதைக் கூட்டு வைக்கிறதா, நெத்தியில தேய்க்கிறதா?"

நாங்கள் இருவரும் ஒரு காயை வாங்கி மாறி மாறி முகர்ந்தோம். எங்களுக்குப் பீன்ஸ் வாசனைதான் வந்தது. சாக்குகளையெல்லாம் தைலக் கொட்டகையில்தான் அடுக்கி வைத்திருந்தோம். காயை மூட்டை கட்டியதும் அங்கேதான். ஊரில் ஒரு மூக்குக்கும் அது தெரியவில்லை. பழனியிலிருந்து வந்த அன்றைக்கு என்னிடம் அந்தக் காயைக் கொடுத்திருந்தால் ஓடியிருப்பேன். அத்தனை மூட்டையையும் மாட்டுக்குப் போட்டார்கள். மாடும் தின்னவில்லை.

ஊர் திரும்பி விஷயத்தைச் சொன்னபோது அம்மாள் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே உட்கார்ந்து அழுதார். செபஸ்தியான் மறுபடி தைல மரமே நடப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அம்மாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். என்ன பேசினாரோ தெரியாது. செபஸ்தியான் மரம் நடவில்லை. அதற்குப் பிறகு சாக்குகள் பேத்துப்பாறையில் ஒரு கடைக்காரரிடம் இருந்தன. காய் வயலிலேயே மூட்டையாகி நேராக லாரிக்குப் போனது. மண்டிக்குப் போகும் மூட்டையின் பக்கத்தில்கூட அம்மாள் வரமாட்டார். தன் சேலையில் தைலம் ஊறிக் கிடக்கிறது என்று தூரத்தில் நின்றே, "வெரசா ஏத்துங்கப்பா" என்று குரல் கொடுப்பார்.

வருடங்கள் போயின. உருளைக்கிழங்கு நன்றாக வந்தது, ஒரு வருடம் அழுகியது, மறுபடி வந்தது. பேரி காய்த்தது. பள்ளியில் பிள்ளைகள் தூங்கி விழுவது நின்றது. எனக்கு வத்தலக்குண்டுக்கு மாற்றல் வந்து நான் மலையை விட்டு இறங்கினேன். அதற்குப் பிறகுதான் மதுரை வியாபாரி ஒரேயடியாக நின்றுபோனார். வேறு எங்கிருந்தோ மலிவாகத் தைலம் கிடைக்கிறதாம். ஊரில் ஒரு குடும்பம்கூடக் கிளம்பவில்லை. சிலர் அவர் வராததைக் கவனிக்கவே இல்லை என்று செல்லையா பெருமையாகச் சொன்னார். நானும் பெருமைப்பட்டேன். கொப்பரையின் கதி என்ன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனேன். செபஸ்தியானின் வயலில் பெண்கள் வரிசையாகப் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். அந்தோணியம்மாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. வரப்பில் நின்றிருந்த செபஸ்தியானைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெரிய வாய்க்காரர் கண் கலங்கி நின்றார்.

"நான் என்ன செய்ய வாத்தியாரே? கொப்பரைய எடைக்குப் போட்டுட்டாங்க. தோப்புல விறகு தவிர ஒண்ணுமில்ல. வீட்டுக்கு இவ்வளவு அரிசின்னு மாசாமாசம் தாரோம்னு ஊரே போய்க் கேட்டுச்சு. சும்மா வாங்க மாட்டேன், கூலிக்கு வாரேன்னுட்டாங்க."

அம்மாளை ஓரமாக அழைத்துப்போய்க் கத்தினேன். ஊருக்கெல்லாம் சொன்னீர்களே, உங்கள் நிலத்தில் நாலு பேரிக்கன்று வைக்க உங்களுக்குத் தோன்றவில்லையா? தோப்பில் பாதியையாவது வெட்டியிருக்கக் கூடாதா? அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கோவத்துல ஒங்க மூக்கு செவந்து கெடக்கு."

"பேச்சை மாத்தாதீங்கக்கா."

"நானும் மரத்த வெட்டிட்டு வெள்ளாமை வச்சிருந்தா, அத்தனை வருசம் இவங்க எல்லாம் எங்க போயி இலை பறிச்சிருப்பாங்க வாத்தியாரே? கூலி யாரு குடுத்திருப்பா?"

"இப்பவாவது ஊரைக் கூட்டி வேரைத் தோண்டச் சொல்லலாமே?"

"பேரி காய்க்க எத்தனை வருசம் ஆகும்னு ஒங்களுக்குத் தெரியாதா? எனக்கு அத்தனை இல்ல. வெயில்ல நிக்காதீங்க, வீட்டுல போயி உக்காருங்க. இந்த வரிசைய முடிச்சிட்டு வாரேன்."

அடுத்து வந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பதில் ஒன்றுதான். பேத்துப்பாறை மேட்டில் இன்று எல்லா வீட்டிலும் அடுப்பு எரிகிறது என்றால் அந்தப் பதில் சரியானது என்றுதான் அர்த்தம். எனக்கு அது தெரியும். ஆனால் அக்கா, அது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.