வெர்லினுக்குக் கொடுத்த ஒரே வேலை

மாட்டைப் பற்றி வெர்லின் ஸ்வோபோடாவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று எங்கள் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவரையே கேட்டாலும் அதைத்தான் சொல்வார். நாற்பது வருடமாகக் கன்றுகளை வாங்கி, மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வைத்து விற்கிறார். கோடையில் நடக்கும் மாவட்டக் கண்காட்சியில் சிறந்த காளையைத் தேர்ந்தெடுக்கும் போட்டிக்கு நடுவரும் அவர்தான். காளையின் முதுகில் ஒருமுறை கையை ஓட்டினால் போதும். அதன் விலாத் துண்டில் கொழுப்பு எப்படி ஓடியிருக்கும் என்று அது உயிரோடு நிற்கும்போதே சொல்லிவிடுவார்.

நெப்ராஸ்காவில் எங்களைப் போன்றவர்கள் காசு கொடுத்து வெளியில் ஸ்டீக் சாப்பிடுவது அபூர்வம். வீட்டு ஃப்ரீசரிலேயே பாதி மாடு கிடக்கும். மனைவி லவோனின் பிறந்தநாள் நவம்பர் மாதம். ஒவ்வொரு வருடமும் வெர்லின் வெளியே பனியில் நின்று கரியடுப்பில் ஸ்டீக் சுடுவார். நடுவில் சிவப்பு மாறாமல், வெளியே மட்டும் கருக்கி எடுப்பார். லவோன் அதை ஒரு வாய் சாப்பிட்டு, "அருமை" என்று சொல்வார். பிறகு தட்டோடு எழுந்து சமையலறைக்குப் போவார். உள்ளே மைக்ரோவேவ் 'டிங்' என்று அடிக்கும். உருளைக்கிழங்கைச் சூடாக்குகிறாள் என்று வெர்லின் நினைத்துக்கொள்வார். அதற்குள் அடுத்த துண்டைத் திருப்ப வெளியே போய்விடுவார்.

லவோனுக்கு அறுபது வயதாகப் போகிறது என்றதும் மகள் ஜனெல், "என்னம்மா வேணும்?" என்று கேட்டாள்.

லவோன் யோசிக்கவே இல்லை. "ஃப்ளோரிடா. அந்தப் பெரிய பூங்கா. தலைகீழா சுத்துற ரயில் எல்லாத்துலயும் ஏறணும்."

"அறுபது வயசுலயா?" என்றார் வெர்லின்.

"எழுபதுல ஏறவா? இன்னொண்ணு. ஆறு நாளைக்கு நான் ஒரு மாட்டப் பாக்கக் கூடாது, மோந்து பாக்கக் கூடாது, கத்துற சத்தம் கேக்கக் கூடாது. தட்டுல இருந்தா மட்டும் பரவாயில்ல. பிறந்தநாள் அன்னைக்கு நல்ல எடத்துல ஒரு ஸ்டீக் சாப்பிடணும். நீ அடுப்புகிட்ட நிக்காம என்கூட உக்காந்து சாப்பிடணும். முப்பத்தெட்டு பிறந்தநாள் உன் முதுகப் பாத்துட்டே சாப்பிட்டாச்சு."

விமானம், விடுதி, வாடகைக் கார், நுழைவுச் சீட்டு எல்லாவற்றையும் ஜனெல் பார்த்துக்கொண்டாள். "அப்பா, உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். புதன்கிழமை ராத்திரிச் சாப்பாடு. எந்த எடம்னு நீங்க முடிவு பண்ணுங்க. அறுபது நாள் முன்னாடி காலைல ஆறு மணிக்கு முன்பதிவு ஆரம்பிக்கும். சரியா அந்த நிமிஷம் கூப்பிடணும். மறந்துடாதீங்க."

"இறைச்சிய எனக்கே சொல்லித் தர்றியா?" என்றார் வெர்லின்.

அவர் மறக்கவில்லை. இரண்டு மாதம் ஒவ்வொரு உணவகத்தின் படத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆராய்ந்தார். தட்டில் இலைதழைகளைப் போட்டு இறைச்சியை மறைத்த கடைகளை ஒதுக்கினார். கடைசியில் பூங்காவை ஒட்டி, ஏரிக்கரையில் இருந்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். செப்டம்பரில் அந்த நாள் வந்ததும் நாலரைக்கே எழுந்து, மாடுகளுக்குத் தீவனம் வைத்து, கை கழுவி, சமையலறைக் கடிகாரத்தில் சரியாக ஆறு அடிக்கும்போது எண்ணை அழுத்தினார்.

"மன்னிக்கணும் சார், எல்லாம் போயிடுச்சு" என்றது ஒரு பெண் குரல்.

"ஆறு மணிக்குத்தானே ஆரம்பிக்கும்?"

"ஆமா சார். இப்ப ஏழு."

ஃப்ளோரிடாவில் ஏழு மணி ஆகும்போது நெப்ராஸ்காவில் ஆறுதான். மாட்டின் எடையை ஒரு பவுண்டு பிசகாமல் கணக்குப் போடும் மனிதர் இந்த ஒரு மணி நேரத்தை மறந்துவிட்டார்.

"ஒன்பதே முக்காலுக்கு ஒரு மேசை இருக்கு சார். போட்டுடவா?"

"ராத்திரி ஒன்பதே முக்காலுக்கா? அந்த நேரத்துல சாப்பிடுறவங்களும் இருக்காங்களா?" வெர்லின் ஐந்தரைக்குச் சாப்பிடுபவர். எட்டரைக்குப் படுத்துவிடுவார். வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் தான் செய்த காரியம் உறைத்தது. திரும்பக் கூப்பிட்டார். அந்த மேசையும் போயிருந்தது.

அன்று மாலை "கெடச்சுதா?" என்று லவோன் கேட்டபோது, "எல்லாம் பாத்தாச்சு" என்றார். அது பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எல்லாவற்றையும் அவர் பார்த்துத்தான் இருந்தார்.

நவம்பர் வந்தது. பக்கத்துப் பண்ணை டெல்பர்ட்டிடம் மாடுகளை ஒப்படைத்துவிட்டு மூவரும் கிளம்பினார்கள். திங்களும் செவ்வாயும் லவோன் பூங்காவின் எல்லா ரயில்களிலும் ஏறினார். தலைகீழாகப் போகும் ஒன்றில் மட்டும் ஐந்து தடவை. இறங்கும்போது முடி பரட்டையாகவும் முகம் சிவந்தும் இருக்கும். உடனே அடுத்த வரிசையில் போய் நிற்பார். வரிசையில் முன்னால் பின்னால் நிற்பவர்களோடு அரைமணி நேரம் கதை பேசுவார். வெர்லின் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று பேர் பைகளையும் மடியில் வைத்திருப்பார். மனதில் புதன்கிழமை மட்டும்தான் ஓடியது.

புதன் காலை எழுந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் விடுதியில படுத்துக்குறேன். அஞ்சு மணிக்கு வாசல்ல வந்து நிக்கிறேன்."

"எந்த முழங்கால்?" என்றார் லவோன்.

"இது."

"நேத்து அந்தப் பக்கம் இல்ல நொண்டின?"

"ரெண்டுந்தான்."

அவர்கள் பேருந்தில் ஏறியதும் வெர்லின் வாடகைக் காரை எடுத்தார். ஜனெல் எடுத்திருந்தது சிறிய சிவப்புக் கார். பிக்கப் வண்டி ஓட்டிப் பழகியவர் அதில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். பொய்யாகச் சொன்ன வலி அரை மணியில் நிஜமாகவே வந்துவிட்டது.

பூங்காவுக்கு வெளியே போகும் பெருஞ்சாலையில் இரண்டு பக்கமும் ஸ்டீக் கடைகள். முதல் கடையின் பலகையில் ஒரு காளை படம். கொம்பு, திமில், எல்லாம் இருந்தது. அடியில் மடியும் இருந்தது. வெர்லின் வண்டியை நிறுத்தக்கூட இல்லை. காளைக்கு மடி வரைகிறவன் விலாத் துண்டுக்கும் தொடைக்கும் வித்தியாசம் பார்க்கமாட்டான் என்று தோன்றியது.

இரண்டாவது கடையில் கதவைத் திறந்த இளைஞனிடம், "சமைக்காத துண்டு ஒண்ணக் காட்டு தம்பி" என்றார்.

"சார்?"

"பச்சையா. பாத்துட்டுத் தந்துடுறேன்."

அந்த இளைஞன் மேலாளரைக் கூப்பிடப் போனான். மேலாளர் வந்து, வெர்லினின் விதைக் கம்பெனித் தொப்பியைப் பார்த்து, "நீங்க சுகாதாரத் துறையா?" என்று கேட்டார். இல்லை என்றதும் கதவை அவரே மரியாதையாகத் திறந்துவிட்டார். மூன்றாவது கடையில் இறைச்சி நன்றாக இருந்தது, மேசை இல்லை. நான்காவதில் எல்லா மேசையும் காலி. ஏன் என்று முகர்ந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது.

மணி பதினொன்று. சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் அவர் பக்கத்தில் அது வந்து நின்றது: சேறு படிந்த பிக்கப், பின்னால் நீண்ட டிரெய்லர், கம்பி இடுக்கில் எட்டு ஈர மூக்குகள்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. வெளியூரில் நல்ல சாப்பாடு வேண்டுமென்றால் மாட்டு ஏலக் கொட்டகை எங்கே என்று கேட்போம். ஏலக் கொட்டகை இருந்தால் உள்ளே ஒரு சிறு சாப்பாட்டுக் கடை இருக்கும். மாடு வளர்ப்பவர்களுக்கு மோசமான இறைச்சி போட்டுவிட்டு எந்தச் சமையல்காரரும் அங்கே ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது.

விளக்கு பச்சையானது. வெர்லின் டிரெய்லரைப் பின்தொடர்ந்தார். விடுதிகள் மறைந்தன, புல்வெளி வந்தது. முப்பது மைல் போனார். அவர் நம்பியது நடந்தது. தகரக் கூரை, தூசி, ஏலக்காரரின் வேகமான குரல், ஓரத்தில் ஆறு முக்காலிகள் போட்ட ஒரு சாப்பாட்டு மேடை. அடுப்பின் பின்னால் ஓபல் என்ற தடித்த அம்மாள்.

"என்ன வேணும் கண்ணு?"

"விலாத் துண்டு. நடுவுல சிவப்பா."

"வேற எப்படி இருக்கும்?" என்றார் ஓபல். வெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது.

தட்டு வந்தது. முதல் வாயிலேயே மெல்லுவதை நிறுத்தினார். தன் மாட்டைத் தவிர இப்படி ஒன்றை அவர் சாப்பிட்டதில்லை. உப்பு, மிளகு, நெருப்பு, அவ்வளவுதான்.

"ராத்திரி எத்தனை மணி வரைக்கும் கட இருக்கும்?"

"ராத்திரியா? மூணு மணிக்கு அடுப்ப அணைச்சிடுவேன்."

"என் வீட்டுக்காரிக்கு இன்னைக்கு அறுபதாவது பிறந்தநாள். இப்பவே போயி கூட்டிட்டு வந்துடட்டுமா?"

ஓபல் கரண்டியைக் கீழே வைத்தார். "அவங்களுக்கு மாடு பிடிக்குமா?"

வெர்லின் சுற்றிப் பார்த்தார். பத்தடி தூரத்தில் ஒரு கிடேரி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஆறு நாள் பார்க்கக் கூடாது, மோந்து பார்க்கக் கூடாது, சத்தம் கேட்கக் கூடாது. இங்கே மூன்றும் ஒரே முக்காலியில் கிடைக்கும்.

"ஆறு நாளைக்கு மாடே வேணாம்னு சொன்னா."

"அப்ப நீ இங்க கூட்டிட்டு வந்தன்னு வை," என்றார் ஓபல், "அறுபத்தொண்ணாவது பிறந்தநாளுக்கு நீ தனியாத்தான் சாப்பிடுவ."

பக்கத்து முக்காலிக்காரர் சிரித்துச் சிரித்துக் காப்பியைக் கொட்டினார்.

உலகத்திலேயே நல்ல ஸ்டீக் கிடைத்துவிட்டது, ஆனால் அதை மனைவிக்குக் கொடுக்க முடியாது. அந்தத் துக்கத்தில் வெர்லின் ஏலம் பார்க்கப் போய் உட்கார்ந்தார். எழுந்தபோது மணி மூன்றரை.

ஐந்து மணிக்குப் பூங்கா வாசலில் நின்றார். வரும் வழியில், கார் நிறுத்துமிடத்திலிருந்து ஆட்களை வாசலுக்குக் கொண்டுவிடும் வண்டியில் அவர் ஏறியதும் பக்கத்தில் இருந்த குடும்பம் எழுந்து வேறு இடத்துக்குப் போனது. வயதானவருக்கு இடம் விடுகிறார்கள், நல்ல பிள்ளைகள் என்று நினைத்தார்.

லவோனும் ஜனெலும் வந்தார்கள். லவோன் இரண்டடி தூரத்திலேயே நின்றுவிட்டார். மூக்கு ஒருமுறை விரிந்தது. பார்வை மெதுவாக இறங்கி அவர் பூட்ஸில் போய் நின்றது.

"வெர்லின்."

"என்ன?"

"விடுதியிலதான படுத்திருந்த?"

"ஆமா."

"கட்டிலுக்கு அடியில எத்தன மாடு இருந்துச்சு?"

ஜனெல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

வெர்லின் தொப்பியைக் கழற்றினார். ஆறு மணி, ஏழு மணி, ஒன்பதே முக்கால், மடி வைத்த காளை, டிரெய்லர், ஓபல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். "ஒரே வேலதான் குடுத்தீங்க. அதையும் கெடுத்துட்டேன். மேசை இல்ல, லவோன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"செப்டம்பர்லயே தெரியும். போன வச்சதும் கொட்டில்ல நாயி முன்னாடி உக்காந்து, 'லவோன், என்ன மன்னிச்சிடு'ன்னு நாலு தடவ சொல்லிப் பாத்த. நான் வாளியோட வெளியதான் நின்னேன். எங்கிட்ட வந்து எப்பச் சொல்லுவன்னு ரெண்டு மாசமா பாத்துட்டு இருக்கேன். நீ மாட்டுச் சந்தைக்குப் போவன்னு மட்டும் நெனைக்கல."

"இப்ப எங்க சாப்பிடுறது?"

"நேத்து ரயில் வரிசையில ஒரு அம்மா சொன்னா. நீ பாத்த அதே ஏரிக்கரைக் கடையில, பார் மேசையில உக்காந்தா முன்பதிவே வேணாமாம். அதே அடுப்பு, அதே இறைச்சி. அஞ்சரைக்கு முன்னாடி போயிடணும், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குச் சாப்பிடுறவங்க உன்ன மாதிரி ஒண்ணு ரெண்டு பேர்தான். பூட்ஸ மட்டும் கார்ல போட்டுட்டு வேற மாத்து."

பாரில் இரண்டே முக்காலிகள்தான் காலியாக இருந்தன. "எனக்கு பீட்சா போதும், நீங்க போங்க" என்று ஜனெல் நழுவிவிட்டாள். இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். அடுப்பு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. வெர்லினின் கை இரண்டு முறை இல்லாத இடுக்கியைத் தேடியது. பிறகு சும்மா இருந்தது.

"எனக்கு விலாத் துண்டு, நடுவுல சிவப்பா" என்றார் வெர்லின்.

"எனக்கும் அதே," என்றார் லவோன். "முழுசா வெந்து இருக்கணும். சிவப்பே தெரியக் கூடாது. தக்காளி சாஸ் ஒரு பாட்டில் குடுங்க."

வெர்லின் முக்காலியோடு திரும்பினார். "லவோன்! என்ன பேசுற?"

"நீ நாய்கிட்ட சொன்ன. நான் மைக்ரோவேவ்கிட்ட சொல்லிட்டு இருந்தேன்."

முப்பத்தெட்டு 'டிங்' ஒன்றாக அவர் காதில் அடித்தது. "உருளைக்கிழங்கு இல்லியா?"

"உருளைக்கிழங்கு மேசையிலதான இருக்கும், வெர்லின். திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

தட்டு வந்தது. லவோனுடைய துண்டு செருப்புத் தோல் நிறத்தில் இருந்தது. நாற்பது வருடத் தீவனமும் நடுவர் பதவியும் வெர்லினின் தொண்டையில் வந்து நின்றன. வாயைத் திறந்தார். லவோன் ஒரு துண்டு வெட்டி, சாஸில் முக்கி, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். தலைகீழ் ரயிலிலிருந்து இறங்கும்போது இருந்த அதே முகம். வெர்லின் வாயை மூடிக்கொண்டார். சாஸ் பாட்டிலை லவோன் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

இந்த வருடமும் நவம்பரில் வெர்லின் வீட்டு அடுப்பு புகைந்தது. டெல்பர்ட் வேலியோரமாக வந்து எட்டிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு துண்டு தனியாகக் கிடந்து கருகிக்கொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளி போர்த்திய இரண்டு நாற்காலிகள். வெர்லின் ஒன்றில் உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா நடுவரே, ஒண்ணு தீயுதே. மறந்துட்டியா?"

"மறக்கல," என்றார் வெர்லின், எழுந்திருக்காமலே. "இன்னும் பத்து நிமிஷம் வேகணும். நீ வெளிய சொன்னன்னா உன் மாட்டுக்கு அடுத்த வருஷம் பரிசு கெடையாது."